அடைத்த பல் எத்தனை வருடம் தாங்கும்?

கோயம்புத்தூரில் பல் அடைக்க வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது எத்தன வருசம் தாங்கும்ங்க?" பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து ஊர் ஊராக விற்கிற மண் இது. வாரண்டி கேட்காமல் இங்கே யாரும் எதையும் வாங்குவதில்லை. அதற்குத் தோதாக, சிர்கோனியா கேப் செய்துதரும் லேப்களும் கேப்போடு ஒரு வாரண்டி அட்டையைத் தருகின்றன. விலைக்கேற்ப 5 வருடம், 10 வருடம், 15 வருடம். அட்டையின் பொடி எழுத்தையும் படித்தால்தான் உத்தரவாதம் எதற்கு என்று புரியும்: கேப் உடைந்தால் வேறு கேப் கிடைக்கும். கேப்புக்கு அடியில் பல் சொத்தையானாலோ, ஈறு இறங்கினாலோ, வேர் பிளந்தாலோ அட்டை செல்லாது. லேப்காரர்மீது இதில் குற்றமில்லை. தான் செய்த பொருளுக்கு அவர் பொறுப்பேற்கிறார். பல்லுக்கு எப்படிப் பொறுப்பேற்பார்? ஆனால் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர், தன் பல்லுக்கே 15 வருடம் எழுதி வாங்கிவிட்டதாக நம்புகிறார்.

அந்த நம்பிக்கையை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பல் மருத்துவத் தொழிலில் இருந்து பார்த்ததிலும் படித்ததிலும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: அடைப்பின் ஆயுளைப் பொருளின் பலம் மட்டும் முடிவு செய்வதில்லை. பொருளும் பல்லும் சந்திக்கும் விளிம்பில், மைக்ரான் கணக்கில் அளக்கவேண்டிய ஓர் இடைவெளியில் அது முடிவாகிறது. பொருளுக்குப் பொருள் வேறுபாடு நிச்சயம் உண்டு. செய்கிறவர் கையில் உள்ள குறையையும், வைத்திருப்பவர் வாயில் உள்ள குறையையும் எந்தப் பொருள் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறது என்பதே அதில் முக்கியமான வேறுபாடு. பலத்தை அட்டையில் அச்சிடலாம். பொறுமையை அச்சிட முடியாது.

அடைப்புகள் தோற்கும் காரணங்களை எந்த நாட்டில் தொகுத்தாலும் முதல் இரண்டு இடங்களில் வருபவை விளிம்பில் மறுபடி சொத்தை விழுவதும், அடைப்போ பல்லோ உடைவதும்தான். சொத்தையை உண்டாக்கும் கிருமியின் குறுக்களவு ஒரு மைக்ரானை ஒட்டியது. நம் கண்ணுக்கும் ஊசிமுனைக்கும் தட்டுப்படாத விரிசல் அதற்குத் தாராளமான வழி. அந்த விரிசல் விழுவதற்கு வாயில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சூடான டீ குடித்த கையோடு குளிர்ந்த தண்ணீர் குடிக்கிறோம். வெப்பத்தில் பல் விரிவதைப்போல அமால்கம் இரண்டு மடங்குக்கு மேலும், காம்போசிட் இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரையும் விரியும். ஒவ்வொரு வேளையும் இந்த ஏற்றத்தாழ்வு விளிம்பை இழுத்து விடுகிறது. கடைவாய்ப் பல்லில் ஒருவர் முழு பலத்தோடு கடித்தால் 50 கிலோவுக்கு மேல் பளு விழும். அன்றாடம் மெல்லுவது அதைவிடக் குறைவு என்றாலும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. ஒரே அடியில் உடையாத பொருளும் விளிம்பும் வருடக்கணக்கான சிறு அடிகளில் களைத்துப்போகும்.

ஊர்ப்பேச்சில் 'வெள்ளி அடைப்பு' எனப்படும் அமால்கத்தின் பெருமை இங்கேதான் விளங்கும். வெள்ளி, தகரம், செம்பு கலந்த தூளோடு ஏறக்குறைய சரிபாதி எடை பாதரசம் சேர்த்துக் குழைத்து வைப்பது அது. 1890களில் அமெரிக்காவின் ஜி.வி. பிளாக் கலவையின் அளவுகளைச் சோதித்து ஒழுங்குபடுத்தினார். 1960களில் செம்பு கூடிய கலவை வந்த பிறகு, தகரமும் பாதரசமும் சேர்ந்து அரித்துப்போகும் பலவீனமான பகுதி அதிலிருந்து நீங்கியது. அமால்கம் பல்லோடு ஒட்டுவதே இல்லை. இருந்தும் அது நீண்டகாலம் நிற்பதற்குக் காரணம், விளிம்பில் மெல்ல உண்டாகும் அரிப்புப் பொருள்களே அந்த இடைவெளியை நிரப்பி மூடிவிடுகின்றன. தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் இன்னொரு அடைப்புப் பொருள் நம்மிடம் இல்லை. கொஞ்சம் எச்சில் பட்டாலும், கை சற்று அவசரப்பட்டாலும் அது பெரும்பாலும் மன்னித்துவிடும். துத்தநாகம் கலந்த வகையில் ஈரம் பட்டால் பின்னால் உப்பிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அந்த வகையைத் தவிர்க்க முடிந்தது. முகாமில் மர நாற்காலியில் உட்காரவைத்து, வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவே செய்த வெள்ளி அடைப்புகள் நிலைத்ததற்கு அந்தப் பொருளின் குணமே பெருங்காரணம்.

பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட்டின் கதை வேறு. 1955இல் மைக்கேல் புவோனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சற்றே அரித்துவிட்டால் பிசின் அதில் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். 1962இல் ரஃபேல் போவன் இன்றைய காம்போசிட்டுகளுக்கு அடித்தளமான பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். 1982இல் ஜப்பானின் நகபயாஷி, பிசின் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினுக்குள் ஊடுருவி அதோடு கலந்து ஒரு படலமாவதை விளக்கினார். இந்த மூன்று கண்டுபிடிப்புகளும் சேர்ந்து பல்லைக் குடையும் முறையையே மாற்றின. வெள்ளி அடைப்புக்குக் குழியை உள்ளே அகலமாக வெட்டி அடைப்பைச் சிக்கவைக்க வேண்டும். அதற்காக நல்ல பல்லையும் இழக்க வேண்டும். காம்போசிட்டுக்குச் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். இது சாதாரண ஆதாயம் இல்லை.

ஆனால் காம்போசிட் மன்னிக்கத் தெரியாத பொருள். ஒளியில் இறுகும்போது அது கன அளவில் 2, 3 சதவீதம் சுருங்கும். மொத்தமாக அப்பி ஒரே தடவையில் லைட் அடித்தால் அந்தச் சுருக்கம் விளிம்பைப் பிய்க்கும், அல்லது பல்லின் சுவரை உள்ளே இழுக்கும். வழக்கமான வகைகளை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் தனியே இறுக்கவேண்டும் என்பது அதனால்தான். லைட்டின் நீல வெளிச்சம் கண்ணுக்குப் பிரகாசமாகவே தெரியும். முனையில் பழைய பிசின் ஒட்டியிருந்தால் உள்ளே போகும் ஆற்றல் குறைந்திருக்கும். மீட்டர் வைத்து அளக்காதவரை அது தெரியாது. காம்போசிட்டைப் பல்லோடு ஒட்டவைக்கும் பாண்டிங் திரவத்தில் உள்ள கரைப்பான் புட்டி மூடி திறந்து கிடந்தால் ஆவியாகிவிடும். பெரும்பாலான கம்பெனிகள் இவற்றை 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்கின்றன. ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் சித்திரை வெயில் 40ஐத் தாண்டுகிறது. கூரியர் வண்டியிலும், ஏ.சி. நிறுத்திய இரவில் அலமாரியிலும் அந்தப் புட்டி என்ன பாடுபட்டது என்பதை அதன் காலாவதித் தேதி சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஈரம். அமிலம் வைத்துக் கழுவிக் காயவைத்த பரப்பில் ஒரு துளி எச்சிலோ, ஈறிலிருந்து கசியும் ரத்தமோ பட்டால் ஒட்டு அந்த இடத்தில் கெட்டது. பீளமேட்டு ஃபவுண்டரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை: இரும்பு எந்தத் தரமானாலும் மண் அச்சில் ஈரம் மிஞ்சினால் வார்ப்பில் புரை விழும், மேலே வழவழப்பாக இருக்கும், பளு ஏறும்போது அங்கேதான் விடும்.

"அப்படியானால் வெள்ளி அடைப்புக்கே திரும்பிவிடலாமே?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. போர்ச்சுகலில் லிஸ்பனின் காசா பியா பள்ளிகளில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு பொருள்களையும் குலுக்கல் முறையில் பிரித்து வைத்து 7 வருடம் வரை பார்த்தார்கள். 2007இல் வெளியான கணக்கின்படி, 1,748 அடைப்புகளில் அமால்கம் 94.4 சதவீதமும் காம்போசிட் 85.5 சதவீதமும் தப்பின. காம்போசிட்டின் விளிம்பில் மறுசொத்தை விழும் அபாயம் மூன்றரை மடங்கு. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் 534 பிள்ளைகளிடம் நடந்த ஆய்விலும் காம்போசிட்டுக்கு ரிப்பேர் வேலை பல மடங்கு அதிகம் தேவைப்பட்டது. இந்த இரண்டு ஆய்வுகளும் வெள்ளி அடைப்பின் பாதரசத்தால் பிள்ளைகளின் அறிவுத்திறனுக்குக் கேடு விளைந்ததாகக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வாயில் நன்றாக இருக்கும் வெள்ளி அடைப்பை 'விஷம்' என்று பயமுறுத்திப் பெயர்த்தெடுப்பதற்கு மருத்துவ நியாயம் கிடையாது. பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி அதிகமாகக் கிளம்பும்.

இருந்தும் திரும்ப முடியாது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2018இல் அதை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து அமால்கத்தைப் பொதுவாகத் தடை செய்துவிட்டது. உலக அளவில் 2034க்குள் முடித்துக்கொள்வதென 2025 நவம்பரில் ஜெனீவாவில் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. காரணம் நோயாளியின் வாயைவிடச் சாக்கடையில் இருக்கிறது: கிளினிக்கின் தொட்டியிலிருந்து இறங்கும் பாதரசம் ஆற்றுக்குத்தான் போகும். நொய்யலில் சாயக்கழிவு ஓடியதையும், 2011இல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது முற்றியதையும் கண்ட நாம் இதை அடுத்தவர் கவலை என்று தள்ள முடியாது.

இன்னொரு வாதம் பாட்டிமார்களின் பேரில் வரும். "எங்க அம்மிச்சிக்கு வெச்ச அடைப்பு முப்பது வருசமா இருக்குதுங்க." இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நிலைத்த அடைப்புதான் இன்று கண்ணில் படுகிறது. விழுந்த அடைப்புகள் பிடுங்கிய பல்லோடு போய்விட்டன. அவற்றை யாரும் எண்ணி வைக்கவில்லை. அந்தத் தலைமுறையில் பொக்கை வாய்கள் எத்தனை என்றும் நினைத்துப் பார்க்கவேண்டும். பெரிய வெள்ளி அடைப்புக்காகக் குடையப்பட்ட பல்லில் சுவர் மெலிந்து, பிற்காலத்தில் முனை சாய்ந்து உடைவது கிளினிக்குகளில் அன்றாடக் காட்சி. அடைப்பு அப்படியே நிற்க, பல் உடைந்து போயிருக்கும். அதை நீடித்த வேலை என்று எண்ணுவதா?

அதே நேரத்தில் காம்போசிட்டை லாயக்கற்றது என்று ஒதுக்குவதற்கும் ஆதாரம் இடம் தரவில்லை. நெதர்லாந்தின் ஆப்டாமும் பிற நாட்டு ஆய்வாளர்களும் 2014இல் 12 ஆய்வுகளின் மூலத் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, கடைவாய்ப் பல் காம்போசிட்டுகள் 5 வருடக் கணக்கில் ஆண்டுக்கு 1.8 சதவீதமும், 10 வருடக் கணக்கில் 2.4 சதவீதமும் தோற்றிருந்தன. நூறு அடைப்பில் வருடத்துக்கு இரண்டு, இரண்டரை. கவனத்தோடு செய்த இடங்களில் இது நல்ல விளைச்சல். அந்தத் தொகுப்பில் நான் பெரிதாக எண்ணுவது வேறு: சொத்தை விழும் வாய்களில் தோல்வி, சொத்தை விழாத வாய்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. குழி எத்தனை பக்கம் பரவியிருக்கிறதோ அத்தனைக்கு அபாயமும் கூடியது. பொருள் அதேதான். மாறியது வாய்.

நம் பக்கத்து வாய்கள் எப்படி இருக்கின்றன? திருப்பூரில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவர் தூக்கத்தை விரட்ட மணிக்கொரு டீ குடிக்கிறார், கூடவே ஒரு பன். சர்க்கரை உள்ளே போனதும் பல்லின் மேல் படிந்த அழுக்கில் அமிலம் ஏறி, அது அடங்க அரை மணி நேரம் ஆகும். அடங்குவதற்குள் அடுத்த டீ. சர்க்கரையின் அளவைவிட அது எத்தனை முறை, எவ்வளவு ஒட்டும் வடிவில் வருகிறது என்பதே முக்கியம் என்று ஸ்வீடனின் விபெஹோல்ம் ஆய்வு 1954லேயே காட்டிவிட்டது. மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் இருந்தவர்களுக்கு அவர்கள் சம்மதம் இல்லாமல் இனிப்பூட்டி எடுத்த ஆதாரம் அது; அறத்துக்குப் புறம்பான வழியில் கிடைத்த உண்மை. நாட்டுச்சர்க்கரையும் அச்சு வெல்லமும் உடம்புக்கு நல்லது என்பவர்கள் உண்டு. பல்லைப் பொறுத்தவரை அவையும் சர்க்கரைதான். அடுத்தது பாக்கு. நாள்தோறும் கொட்டைப்பாக்கைக் கடிக்கும் பல் தேய்ந்து விரிசல் விடும். பல வருடம் பாக்குப் போட்டுக் கன்னம் இறுகிப்போனவர்களுக்கு வாய் முழுதாகத் திறக்காது. லைட்டின் முனையைக் கடைசிப் பல்லுக்கு நேராகப் பிடிக்கவே வழியிருக்காது. எந்தக் கம்பெனிப் பொருளானாலும் அங்கே பாதி வெந்துதான் இருக்கும்.

தண்ணீரையும் சொல்லவேண்டும். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பல்லும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறை நீரைக் குடித்து வளர்ந்த பல்லும் ஒன்றில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக்கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய நீரை எனாமல் உருவாகும் சிறு வயதில் குடித்தவர்களுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதே இந்தக் கேட்டைத் தடுக்கத்தான். அதற்கு முன்பே எனாமல் உருவாகிவிட்டவர்கள் அந்தப் பல்லோடுதான் வாழ்கிறார்கள். வேலைக்காகக் கோவைக்கும் திருப்பூருக்கும் வந்திருக்கிறார்கள். அந்த எனாமலின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் மசியாது. வழக்கமான நேரம் மட்டும் அமிலம் வைத்தால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. மேல்தோலைச் சற்றுச் சுரண்டவோ, கூடுதல் நேரம் வைக்கவோ வேண்டும். புட்டியின் மேல் அச்சடித்த வினாடிக் கணக்கை அப்படியே பின்பற்றினால், பழி பொருளின்மேல் விழும்.

"விலை உயர்ந்ததாகப் போட்டுவிடுங்கள், கேப் போட்டால் தொல்லை இல்லை" என்பவர்களுக்கு என் பதில் இது. சிர்கோனியா அசாத்திய பலம் உடையது. அதைக் கடித்து உடைப்பது கடினம். ஆனால் கேப்புக்கும் விளிம்பு உண்டு, அது பெரும்பாலும் ஈறை ஒட்டியே இருக்கிறது, அழுக்கு தங்குவதும் அங்கேதான். கேப்புக்காகப் பல்லைச் சுற்றிலும் இழைத்தாக வேண்டும். இழைத்த பல் திரும்பி வளராது. ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் தேவை என்பதில் ஐயமில்லை. அங்கேயும் ஈறுக்கு மேல் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் சுற்றிலும் மிஞ்சியிருந்தால்தான் கேப்பின் பிடி நிலைக்கும். அது இல்லாமல் கம்பி நட்டு எழுப்பியதன் மேல் வைத்த கேப், கம்பியோடு பெயர்ந்து கையில் வரும் அல்லது வேரைப் பிளக்கும். ரூட் கெனால் முடித்த பல்லில் மேல் அடைப்பு கசிந்தால் வேர் நுனியில் மறுபடி சீழ் கட்டும் என்பதை ரேயும் ட்ரோப்பும் 1995இல் ஆயிரத்துச் சொச்சம் பற்களின் எக்ஸ்ரேயில் காட்டினார்கள். ரூட் கெனாலுக்குச் செலவழித்துவிட்டு, தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக வரும் மறுப்பு நியாயமானது: "இவ்வளவு நேரமும் செலவும் எல்லோருக்கும் கட்டுமா?" கட்டாது. அதற்காகத்தான் கிளாஸ் அயனோமரை, நம் பேச்சில் 'சிமெண்ட்' அடைப்பை, நான் மதிக்கிறேன். லண்டனின் அரசு வேதியியல் ஆய்வகத்தில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் அறிவித்த பொருள் அது. பல்லோடு ரசாயனமாகவே ஒட்டும், பல்லோடு ஏறக்குறைய ஒரே அளவில் விரியும், ஃபுளோரைடைக் கசியவிடும். பலம் குறைவு, பெரிய கடிபரப்பில் தேய்ந்து உடையும். ஆனால் கல் உப்பாலும் பொடியாலும் அழுத்தித் தேய்த்துப் பல்லின் கழுத்தில் விழுந்த பள்ளத்துக்கு, ஈரத்தைத் தடுக்க முடியாத வயதானவர் வாய்க்கு, டிரில் கண்டு அலறும் குழந்தையின் பால்பல்லுக்கு அதுதான் சரி. 1980களில் தான்சானியாவில் ஃப்ரெங்கென் கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டிச் சிமெண்ட் அடைக்கும் முறையைத் தொடங்கியது, மின்சாரம் இல்லாத கிராமங்களுக்காக. தூளுக்கும் திரவத்துக்கும் உள்ள அளவைக் காப்பது மட்டும் முக்கியம். குழைக்க எளிதாக இருக்கட்டும் என்று திரவத்தைக் கூட்டினால் அது சீக்கிரம் கரையும். அந்தப் பழக்கத்தால்தான் சிமெண்டுக்கு 'ஆறு மாசச் சரக்கு' என்ற கெட்ட பெயர் வந்தது.

என் தொழில்காரர்களிடம் சொல்ல இருப்பது கசப்பானது. அமால்கத்துக்கு நாம் கொடுத்துவந்த நேரத்தையே காம்போசிட்டுக்கும் கொடுத்துக்கொண்டு, கட்டணத்தை மட்டும் உயர்த்துவது நேர்மை ஆகாது. எச்சில் படாமல் பல்லைத் தனித்து வைக்கும் ரப்பர் விரிப்பை (ரப்பர் டேம்) போடமுடியாத இடத்தில் பஞ்சையாவது ஒழுங்காக மாற்றவேண்டும், ஈறிலிருந்து ரத்தம் வருகிறதென்றால் அன்று சிமெண்ட் வைத்து அடுத்த வாரம் வரச்சொல்லவேண்டும். விளிம்பில் கறை தெரிந்ததும் மறுசொத்தை என்று முழு அடைப்பையும் எடுக்கவும் கூடாது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குழி பெரிதாகிறது, அடுத்த அடைப்பின் ஆயுள் குறைகிறது. கெட்ட மூலையை மட்டும் திறந்து சரிசெய்வது பல இடங்களில் போதும்.

பல் அடைத்துக்கொள்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். வாரண்டி அட்டையோடு இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: எந்தப் பல், எந்தப் பொருள், எந்தத் தேதி, விளிம்பு ஈறுக்கு மேலா கீழா என்று ஒரு தாளில் நான்கு வரி, முடிந்தால் அன்றைய எக்ஸ்ரேயும். லிஸ்பன் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு நம்மிடம் இருக்கிறது. அவினாசியிலும் தாராபுரத்திலும் வைத்த அடைப்புகளின் கணக்கை எழுதிவைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அந்தத் தாளை ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் கையோடு எடுத்துப் போங்கள்.